முப்பத்தொன்றாம் குழி

மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சோல், ஐம்பது சென்ட்டிமோ. மார்ச் முதல் தேதி என் பெயருக்கு நேராக எழுதப்பட்ட கடன் அது. நான் குடித்ததில்லை, சீட்டாடித் தோற்றதில்லை, யாரிடமும் கைமாற்று வாங்கியதில்லை. ஒரு பறவை கடலுக்குப் போனது, திரும்பவில்லை. அதன் முதுகில் நான் கட்டிய டப்பியின் விலை அது.

பறவை என்றால் பென்குயின். எங்கள் கரையில் அந்தப் பெயரை டாக்டரம்மா மட்டும்தான் சொல்வாள். மற்றவர்களுக்கு அது குழந்தைப் பறவை. தூரத்திலிருந்து பார்த்தால் தத்தித் தத்தி நடக்கும் பிள்ளை மாதிரி இருக்கும். கிட்டே போனால் அந்த எண்ணம் போய்விடும். அழுகின மீன் நாற்றம், கழுத்து மடிப்பில் மொச்சைக்கொட்டை அளவுக்கு உண்ணிகள், கையில் எடுத்தால் மடியிலேயே பீச்சியடிக்கும். அலகால் கவ்வினால் தோலைத் திருகிப் பிய்த்துவிட்டுத்தான் விடும். என் இடது முன்கையில் பதினான்கு தழும்புகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் நான் இருந்தது இருபத்திரண்டு வருடம். நரி நுழையாமல் முனைக்குக் குறுக்கே கட்டிய நீளச் சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்கப் பறவைகளின் நிலம். அங்கே மண்ணே கிடையாது, எச்சம்தான். காலால் மிதிப்பது எச்சம், மூச்சில் போவது எச்சத்தூள், சூப்பில் விழுவதும் அதுவே. பத்தொன்பது வருடம் உரத்துக்காக அதைச் சுரண்டி, சல்லடையில் சலித்து, ஐம்பது கிலோ மூட்டையாக்கிச் சுமந்தேன். நாற்பத்துமூன்றாம் வயதில் துறைமுகத்து மாதா கோயிலில் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றேன். எழுதத் தெரிந்தால் மூட்டை தூக்க வேண்டாம், ஆராய்ச்சிக்காரர்களிடம் காவல் வேலைக்குப் போகலாம் என்றார்கள். போனேன். நாற்றம் அதேதான். முதுகுவலி மட்டும் குறைந்தது.

டாக்டரம்மாவின் பெயர் கிராசியேலா ஒத்தோயா. தலைநகர் லிமாக்காரி. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் தின்றதைத்தான் அவளும் தின்றாள். குழந்தைப் பறவை எந்தப் பருவத்தில் எவ்வளவு தூரம் போய் இரை தேடுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்காக அவள் செய்யச் சொன்ன வேலை இது. கடலிலிருந்து வரும் பறவையைப் பிடித்து, தொண்டையில் ரப்பர் குழாயை விட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஏற்றி, தலைகீழாகப் பிடித்தால் வாளியில் வாந்தி எடுக்கும். நெத்திலிக் கூழ். அதை வலைத்துணியில் ஊற்றி, விரலால் அளைந்து, மீனின் காதெலும்பைப் பொறுக்கி எண்ண வேண்டும். எண்ணுவது என் வேலை. அவள் குனிந்து பார்த்து, இன்றைக்கு நல்ல வயிறு என்று சந்தோஷப்படுவாள். நான் அந்தக் கையாலேயே மத்தியானம் வறுத்த சோளம் தின்ன வேண்டும்.

வாந்தி சொல்வது என்ன தின்றது என்பதை. எங்கே தின்றது என்பதை டப்பி சொல்லும். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். முதுகின் அடிப்பக்கத்தில், வாலுக்குச் சற்று மேலே, இறகுக்கு அடியில் கறுப்பு டேப்பை நுழைத்துச் சுற்றிக் கட்டுவோம். அது யாருக்கும் செய்தி அனுப்பாது. போன இடம், முங்கின ஆழம் எல்லாவற்றையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பறவை தன் குழிக்குத் திரும்பி, நாம் அதை மறுபடி பிடித்து, டேப்பை உரித்தால்தான் உண்டு. ஆகவே எந்தப் பறவை எந்தக் குழி என்பது முக்கியம். ஒவ்வொரு குழி வாயிலும் உள்ளங்கை அளவு கல் ஒன்றில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் எழுதி வைத்திருந்தோம்.

குடிசைச் சுவரில் பெரிய கடல் வரைபடம் இருந்தது. இலையுதிர்காலத்துக்குச் சிவப்புக் கோடு. குஞ்சு சின்னதாக இருக்கும்போது விடிகாலை போய்ச் சாயங்காலம் வரும், ஆகையால் கோடுகள் கரையை ஒட்டிச் சின்னச் சின்ன வளையமாக இருக்கும். குளிர்காலத்துக்கு நீலம், கொஞ்சம் நீளம். வசந்தத்துக்குப் பச்சை. கோடைக்கு மஞ்சள் என்று ஓரத்தில் எழுதியிருந்தாலும் வரைபடத்தில் மஞ்சளே கிடையாது. எங்கள் கரையில் கோடை என்பது ஜனவரி, பிப்ரவரி; அப்போதுதான் அவை பழைய இறகை உதிர்க்கும். உதிர்க்கும் இரண்டு மூன்று வாரம் கடலில் இறங்க முடியாது, தண்ணீர் தோலுக்குப் போய்விடும், விறைத்துச் செத்துவிடும். அதனால் அதற்கு முன்னால் நாள்கணக்கில் கடலில் கிடந்து தின்று கொழுத்து வரும். எங்கே போய்க் கொழுக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்கு அந்த மஞ்சள் கோடு வேண்டும்.

ஜனவரி பத்தாம் தேதி மூன்று பறவைகளுக்குக் கட்டினோம். மூன்று டப்பிக்கும் பொறுப்பு என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். முன்பு என்னிடம் கைநாட்டு வாங்கிய காலத்தில் யாரும் எதற்கும் என்னைப் பொறுப்பாக்கியதில்லை. எழுத வந்த சந்தோஷத்தில் பெயரைச் சுழித்துச் சுழித்து, அடியில் கோடும் போட்டேன்.

இரண்டு பறவைகள் வந்தன. ஒரு டப்பிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து செத்திருந்தது. இன்னொன்று ஆறாம் நாளே நின்றுபோயிருந்தது. மூன்றாவது, முப்பத்தொன்றாம் குழிப் பறவை, வரவேயில்லை. முப்பத்தொன்று என்ற கல்லுக்கு எதிரே பத்தடி தள்ளி, ஒரு கோணியைப் போர்த்திக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழியில் டப்பி இல்லாத ஏதோ ஒரு கிழப் பறவை படுத்திருந்தது, நாலாம் நாள் அதுவும் போய்விட்டது. பிப்ரவரி ஐந்தாம் தேதி, எச்சம் அள்ளும் கம்பெனி, முப்பத்தொன்றாம் குழி இருந்த நான்காம் பிரிவைக் கேட்டது. இறகு உதிர்க்கும் பறவை எதுவும் இல்லை என்று காவலாள் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்கள் உள்ளே இறங்கலாம். எண் போட்ட குழிகளைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் காலி. கையெழுத்துப் போட்டேன். மறுநாள் விடிகாலை, மற்றப் பிரிவுப் பறவைகள் மிரளாமல் இருக்கக் கறுப்புத் துணித் திரையைக் கட்டி அவர்கள் இறங்கினார்கள்.

லிமாவில் இருக்கும் ஆராய்ச்சி ஆபீஸ் கணக்கர் மார்ச்சில் கடனை எழுதினார். மாதம் இருநூறு பிடித்தம். ஆகஸ்ட்டுக்குள் ஆயிரத்து இருநூறு போய், பாக்கி இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டரை.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. ஜூலையில் இருமலோடு ரத்தம் வந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் நெஞ்சில் காதை வைத்துவிட்டு, இந்தத் தூளை விட்டுப் போ, இல்லாவிட்டால் இங்கேயே புதைப்பார்கள் என்றாள். இக்கா நகரில் ஏற்றுமதிக்கு அஸ்பராகஸ் தண்டு கட்டும் கொட்டகையில் வேலை பார்க்கும் என் மகள் யேனி, ஒரு பள்ளிக்கூடத்தில் வாசல்காவல் வேலை பேசி வைத்திருந்தாள். ஆகஸ்ட் கடைசிக்குள் வேலைச் சான்றிதழோடு வர வேண்டும். கடன் தீராமல் சான்றிதழ் தர மாட்டேன் என்றார் கணக்கர். டாக்டரம்மா எனக்காக இரண்டு தடவை போனில் பேசினாள். அவர் மசியவில்லை.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி, அடுத்த முட்டைக்காலத்துக்காகக் குழிகளுக்கு மறுபடி எண் வைக்கப் போனேன். அள்ளி முடித்த நான்காம் பிரிவு சுரண்டிய பானை மாதிரிக் கிடந்தது. சுவரோரம் சிறுநீர் கழிக்க ஒதுங்கினபோது, சுவரடியில் ஒரு கற்குவியல் கண்ணில் பட்டது. சின்னக் கற்கள். எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து யாரோ எறிந்தவை. ஒன்றைக் காலால் புரட்டினேன். வெள்ளைப் பெயின்ட்டில் 31, என் எழுத்து.

அடுத்ததைப் புரட்டினேன். 28. பிறகு 33. ஏழு கல் எண்ணோடு இருந்தன.

யார் எறிந்தது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எச்சம் அள்ளுகிறவன் எச்சத்தில் கல்லைக் கண்டால் சும்மா போக மாட்டான். மூட்டையில் கல் இருந்தால் எடை மோசடி என்று மேஸ்திரி அரைநாள் கூலியை வெட்டுவான். அதனால் நடக்கும்போதே குனிந்து, இடது கையால் எடுத்து, சுவரைப் பார்த்து வீசிவிட்டு நடப்போம். பேசிக்கொண்டே செய்வோம், தூக்கக் கலக்கத்திலும் செய்வோம். மூக்கைச் சொறிகிற மாதிரி. பத்தொன்பது வருடம் செய்த கை அது. காவலாளாகி, அதே கையால் கல்லில் எண்ணை எழுதி வைத்துவிட்டு, ரோந்து போகும்போது அதே கையால் எடுத்து வீசியிருக்கிறேன். ஜனவரியில், டப்பி கட்டிய சில நாளில், கம்பெனி ஆட்கள் இறங்குவதற்கு முன்பே, 31 கல்லைக் காணோம் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கடல்சிங்கம் புரட்டியிருக்கும் என்றேன். அவள் புதுக்கல்லில் 31 எழுதித் தர, நான்தான் இந்தக் குழி என்று கைகாட்டி வைத்தேன். தப்பான குழி. ஒரு வாரம் நான் கோணி போர்த்திக் காவல் காத்தது அடுத்தவன் வீட்டுக்கு.

அப்படியானால் பறவை வந்திருக்கும்.

நான்காம் பிரிவை அள்ளினது அனாக்லேத்தோவின் கூட்டம். என் சித்தப்பா மகளைக் கட்டியவன். இருபது வருடம் ஒரே கொட்டகையில் படுத்தவர்கள். மறுநாள் லாரியில் ஊருக்குப் போவதற்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். கன்னத்தில் கோக்கா இலை உருண்டை. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்க ஆபீசர் மச்சான். எங்க நாத்தம் உங்க மூக்குக்கு ஆகுமா?"

நான்காம் பிரிவில் முதல் நாள் பறவை ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். பாறைப் பிளவுக்கு நேரே உள்ள, உண்மையான முப்பத்தொன்றாம் குழியைச் சொன்னேன். அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை.

"இருந்துச்சு ஒண்ணு. பஞ்சு பிதுங்கின தலகாணி மாதிரி, பாதி எறகு கொட்டி. நீதான் ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தியே, இது எங்கேருந்து வந்துச்சுன்னு எங்களுக்கே ஆச்சரியம்."

விரட்டிப் பார்த்தானாம். அது நகரவில்லை. கழுத்தைப் பிடித்துத் தூக்கித் திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் வீசினானாம். ஒரு மணிநேரத்தில் திரைக்கு அடியில் புகுந்து, நடுங்கிக்கொண்டு, அதே குழிக்கு வந்து நின்றதாம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. மேஸ்திரி நாள் முடியறதுக்குள்ள அறுநூறு மூட்டைன்னு தலைக்கு மேல நிக்கிறான். மண்வெட்டிப் பின்பக்கத்தால ஒண்ணு போட்டேன். சல்லடைக் கழிவோட போயிருச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "முதுகுல என்னமோ கறுப்பா கட்டியிருந்துச்சு மச்சான். உன் சாமான்னு தெரியும். குடுக்கலாம்னுதான் நெனச்சேன். குடுத்தா, பறவை எங்கேன்னு கேப்பியே."

எனக்குக் கடன் எழுதினது தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றான். மாசாமாசம் தானும் வருத்தப்பட்டதாகச் சொன்னான். அவன் வாயோரம் பச்சை எச்சில் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, வறுத்த சோளம் கொஞ்சம் என் பக்கம் நீட்டினான். அவனை அடிக்கலாம் என்று தோன்றியது. கை எழவில்லை. உள்ளே இறங்கு என்று அவனுக்குத் தாள் கொடுத்தவன் நான்தானே.

சல்லடைக் கழிவு மேட்டை அன்று மத்தியானமே கிளறினேன். ஆறு மாதக் குப்பை. சல்லடைக் கம்பிக்குள் போகாததெல்லாம் அங்கே வரும்: கல், எலும்பு, இறகு, முட்டை ஓடு, காய்ந்த குஞ்சுகள், கூலியாட்களின் மலம் துடைத்த காகிதம், கிழிந்த கையுறை. முகத்தில் துணி கட்டியும் தூள் தொண்டையில் இறங்கியது. இருமிக் குனிந்து துப்பினால் சிவப்பு. கிளறக் கிளற உண்ணிகள் முழங்கை வரை ஏறின. ஆறு மாதம் ரத்தம் குடிக்காமல் தட்டையாக, காகிதம் மாதிரி, ஆனாலும் உயிரோடு. அவற்றைச் சுண்டிவிட்டுச் சுண்டிவிட்டுத் தோண்டினேன். மூன்றாவது நாள் சாயங்காலம் கிடைத்தது.

தோல் காய்ந்து பலகையாகி இருந்தது. தலை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. முதுகில் பழைய இறகும் அதற்கடியில் முளைத்திருந்த புது இறகும் ஒன்றாக ஒட்டி, நடுவில் கறுப்பு டேப். நான் சுற்றியதேதான். டேப்பின் நுனியை நான் எப்போதும் உள்ளே மடித்து விடுவேன், அடுத்த தடவை உரிக்கச் சுலபம் என்று. மடிப்பு அப்படியே இருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். தோலோடு வந்தது.

டப்பியைக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேசையில் வைத்தேன். டேப்பில் ஒட்டியிருந்த தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, கம்ப்யூட்டரில் மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கோடு வந்தது. முனையிலிருந்து புறப்பட்டு வடமேற்கே, பிறகு இன்னும் வடக்கே. இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர். மீன்மாவு ஆலைக்காரர்களின் கப்பல்கள் வளைத்து வளைத்து அள்ளும் இடத்தின் ஓரத்தையே தொட்டுத் தொட்டு, பகலெல்லாம் முங்கி எழுந்து, இருபத்துமூன்று நாள். பிப்ரவரி இரண்டாம் தேதி, சுற்றி அலையாமல், கயிறு பிடித்த மாதிரி நேரே முனைக்கு வந்திருந்தது. இந்தக் கரையில் யாரும் இதுவரை பார்க்காத கோடு என்றாள். அவள் கண் கலங்கியது. எனக்கு அந்த நேரத்தில் கோடு பெரிதாகப் படவில்லை. கோட்டின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரைக்கு வந்த பிறகும் புள்ளிகள் இருந்தன. இரண்டாம் தேதியிலிருந்து ஆறாம் தேதி விடிகாலை வரை ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக. ஆறு மணி நாற்பதுக்குக் கடலில் ஒன்று. பிறகு திரையை ஒட்டி வளைந்து வளைந்து நாலைந்து. ஏழே முக்காலுக்கு மறுபடி அதே குழி. எட்டு மணிக்கு அறுபதடி தள்ளிக் கழிவு மேட்டில். அங்கேயே பதினோரு நாள், பாட்டரி தீரும் வரை.

"இது எங்க கெடச்சுது, தோன் செனோன்?"

தோன் என்பது அவள் எனக்குத் தரும் மரியாதை. எல்லாவற்றையும் சொன்னேன். கல்லை எறிந்தது, தப்பான குழியைக் காட்டியது, நான் போட்ட கையெழுத்து, அனாக்லேத்தோவின் மண்வெட்டி.  அவள் கையில் இருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் மெதுவாகப் பேசினாள். ஐந்தாம் தேதித் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்தும் இருக்கிறது. இதை அப்படியே எழுதினால் அள்ளும் அனுமதி நிற்கும், ஆராய்ச்சி அனுமதியும் போகும், என் சான்றிதழும் வராது. யாருக்கும் லாபமில்லை. இப்படித்தான் சொன்னாள். 

"இரை தேடுறதுதான் நம்ம ஆராய்ச்சி. கரையில நிக்கிற புள்ளிய எப்பவுமே வெட்டித்தான் விடுவோம். எல்லாப் பறவைக்கும் அப்படித்தான், உங்களுக்கே தெரியும்."

தெரியும். குழிக்கு வந்ததும் பயணம் முடிந்தது என்று கணக்கு, மிச்சப் புள்ளிகள் குப்பை. எத்தனையோ தடவை நானே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பிப்ரவரி இரண்டாம் தேதிக்குப் பிறகு உள்ளதையெல்லாம் ஒரு கட்டம் போட்டு இழுத்துப் பிடித்தாள். ஒரு விரல் அழுத்தம். குழியும் இல்லை, கடலில் வீசினதும் இல்லை, திரும்பி வந்ததும் இல்லை. கோடு அழகாகக் கரையில் வந்து முடிந்தது. மஞ்சள் பென்சிலை எடுத்துச் சுவர் வரைபடத்தில் அதை வரையப் போனாள். ஒரு இடத்தில் கோணலானதும் அழித்து வரைந்தாள்.

எனக்கு அவள்மேல் வந்த அருவருப்பு, வாளி வாந்தியைப் பார்த்து வருவது போலத்தான் இருந்தது. ஆனால் தடுக்கவில்லை. சொல்லுங்கள், எழுதுங்கள், என் சான்றிதழ் போனால் போகட்டும் என்று ஒரு வார்த்தை வாயில் வந்திருக்கலாம். வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதையும், அங்கே தூள் இல்லாமல் மூச்சு விடுவதையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பும் நாறியது.

கணக்கருக்குப் போன் போட்டாள். கருவி கிடைத்தது, வேலை செய்கிறது என்றாள். அவர் உடனே ஒத்துக்கொண்டார். சந்தோஷம்கூடப் பட்டாராம். பிடித்த ஆயிரத்து இருநூறும் கடைசிச் சம்பளத்தோடு திரும்பி வரும் என்றார். பறவையைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றேன். அந்தத் தாளில் பறவைக்குக் கட்டம் இல்லை என்றாள் டாக்டரம்மா.

இருபத்தெட்டாம் தேதி லாரி கொண்டுவந்த உறையில் சான்றிதழும் கடன் தாளும் இருந்தன. மேசையில் வைத்து, நான் போட வேண்டிய இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினாள். நான் அலமாரியிலிருந்து மை அட்டையை எடுத்தேன். மூட்டைக்காரர்களுக்காக வைத்திருப்பது. மூடியில் தூள் படிந்திருந்தது.

"உங்களுக்குத்தான் எழுத வருமே" என்றாள்.

"வரும்மா" என்றேன்.

இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, தாளில் அழுத்தினேன். கல்லை எறிந்த கை. நகத்திடுக்கில் இன்னும் வெள்ளைத் தூள் இருந்தது, மையோடு சேர்ந்து சாம்பல் நிறமாகத் தாளில் ஒட்டியது. விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கருவி மீட்கப்பட்டது. செனோன் யௌரி தர வேண்டிய பாக்கி: சோல் 0.00.